வடக்கே போனால் லாரி மைலேஜ் ஏன் குறைகிறது? குளிர்காலச் சந்தேகங்களும் பதில்களும்

தேசிய நெடுஞ்சாலை 44 நாமக்கல், சேலம் வழியாகப் போகிறது. அதன் வடக்கு முனை ஸ்ரீநகர். டிசம்பர், ஜனவரியில் அந்தச் சாலையில் லோடு ஏற்றிப் போகும் ஓட்டுநர்களும் அவர்களை அனுப்பும் முதலாளிகளும் வருடா வருடம் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். வேறு விதமாகச் சொல்லாத இடங்களில் கணக்கெல்லாம் மொத்த எடை 35 டன் வரும் 12 சக்கர லாரிக்கு, சமதளத்தில் 60 கி.மீ. வேகத்துக்குப் போட்டது. உங்கள் வண்டிக்கு எண் கொஞ்சம் மாறலாம், காரணம் மாறாது.

குளிர்ல மைலேஜ் நிஜமாவே குறையுமா, இல்ல டிரைவருங்க சொல்ற சாக்கா?

நிஜமாகவே குறையும். நம் ஊர் வெயிலில் லிட்டருக்கு 4 கி.மீ. தரும் வண்டி, ஜனவரி மாத ஆக்ரா, டெல்லி, அம்பாலா ஓட்டத்தில் 3.6-க்கும் 3.75-க்கும் இடையில் தந்தால் அது இயல்பு. 6 முதல் 10 சதவீதம் வரை குறைவதை நாங்கள் வண்டிக் கோளாறாகவோ ஓட்டுநர் கோளாறாகவோ எடுத்துக்கொள்வதில்லை.

குளிர் ஒரே இடத்தில் கை வைப்பதில்லை. எதிர்க்காற்றில் கொஞ்சம், டயரில் கொஞ்சம், கியர் ஆயிலில் கொஞ்சம், இன்ஜின் சூடேறும் வரை கொஞ்சம், நின்ற இடத்தில் ஓடும் இன்ஜினில் கொஞ்சம் என்று பிரித்து எடுக்கிறது. அதனால்தான் ஒரே காரணத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு எதுவும் கிடைப்பதில்லை, கடைசியில் பழி டீசல் மேலோ டிரைவர் மேலோ விழுகிறது. 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால்தான் வண்டியில் ஏதோ இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது ஊரிலேயே இருந்த குறையாக இருக்கும், குளிரில்தான் வெளியே தெரிந்திருக்கும்.

குளிர்ந்த காத்து இன்ஜினுக்கு நல்லதுன்னு சொல்வாங்களே, அப்ப மைலேஜ் கூடத்தானே செய்யணும்?

குளிர்ந்த காற்றில் ஆக்சிஜன் அடர்த்தி அதிகம் என்பது சரி. ஆனால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவும், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் இருக்கும் டீசல் இன்ஜினுக்குச் சாதாரண ஓட்டத்தில் காற்றுப் பஞ்சமே கிடையாது. எரிக்கும் டீசலுக்குத் தேவையானதைவிட அதிகக் காற்றை அது எப்போதுமே இழுத்துக்கொள்கிறது. இன்னும் கொஞ்சம் காற்று கிடைத்தால் ஏற்றத்தில் இழுவை சற்று நன்றாகத் தெரியும், அவ்வளவுதான்.

மைலேஜைத் தீர்மானிப்பது வண்டியை நகர்த்த எவ்வளவு வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்பது. குளிரில் அந்த வேலைதான் கூடுகிறது.

காத்து கனமாகுதுன்னா எவ்வளவு கனமாகும்? கண்ணுக்கே தெரியாததுக்கு இவ்வளவு கணக்கா?

35 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 5 டிகிரியில் இருக்கும் காற்று சுமார் 11 சதவீதம் அடர்த்தி. முகப்பில் மோதும் எதிர்ப்பும் அதே 11 சதவீதம் கூடும். 60 கி.மீ. வேகத்தில் லோடு வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு காற்று, மீதி பெரும்பாலும் டயர். ஆக, காற்றால் மட்டும் 3 முதல் 4 சதவீதம் போகும்.

80-ல் ஓட்டினால் காற்றின் பங்கு பாதியை நெருங்கிவிடும். வேகம் கூடக் கூடக் காற்று எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், குளிர்நாளில் வேகத்தை 10 கி.மீ. குறைப்பது வெயில் நாளில் குறைப்பதைவிட அதிக டீசலை மிச்சம் பிடிக்கும். தார்ப்பாய் தளர்ந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தால் அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும். கயிற்றை இழுத்துக் கட்டுவதற்குச் செலவே இல்லை.

ஊர்லயே டயர்ல காத்து 120 வச்சுட்டுத்தானே கிளம்பினேன், அங்க போய் எப்படிக் குறையும்?

ஓட்டை இல்லாமலேயே குறையும். 35 டிகிரியில் 120 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்த அளவு) வைத்த டயர், 5 டிகிரி விடியற்காலையில் சுமார் 107 காட்டும். உள்ளே இருக்கும் காற்று சுருங்குவதால் 13 பிஎஸ்ஐ போய்விடுகிறது. 12 டயரிலும் இது ஒன்றுபோல் நடப்பதால் வண்டி ஒரு பக்கம் இழுக்காது, கண்ணுக்கும் தெரியாது. சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டுப் பார்க்கும் பழக்கம் இதைக் கண்டுபிடிக்கவே கண்டுபிடிக்காது. கேஜ் வேண்டும்.

நாக்பூர் தாண்டி, இரவு முழுக்க வண்டி நின்ற பிறகு, காலையில் நகர்த்துவதற்கு முன் அளந்து, உங்கள் டயர் கம்பெனியும் லோடும் சொல்லும் அளவுக்கு ஏற்றுங்கள். இரட்டை டயரில் உள்பக்க டயரை விட்டுவிடாதீர்கள். வால்வுக்குக் கை எட்டாத எரிச்சலில் பலரும் தவிர்ப்பது அதைத்தான். உள் டயரில் காற்று குறைந்தால் வெளி டயர் அதிகச் சுமை தாங்கித் தேயும், இரண்டும் சேர்ந்து டீசலை இழுக்கும். ஓடிச் சூடான டயரை அளந்துவிட்டு "120 இருக்கு, போதும்" என்று விடுவதும் தவறு. சூட்டில் காட்டும் 120, ஆறினால் 120 இல்லை.

காத்தைச் சரி பண்ணிட்டேன், அப்புறமும் வண்டி கனமா ஓடுதே?

ரப்பர் குளிர்ந்தால் விறைத்துக்கொள்ளும். டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் பட்டு அமுங்கி மறுபடி விரிகிறது. விறைத்த ரப்பர் அமுங்க எடுத்த சக்தியைத் திருப்பித் தராமல் சூடாக விழுங்கிவிடும். டயர் சூடேறிய பிறகு இந்த இழப்பு குறையும். ஆனால் லாரி டயர் சூடேற நேரம் பிடிக்கும்: உருளும் எதிர்ப்பை அளக்கும் சர்வதேசச் சோதனை முறையில் கார் டயரை 30 நிமிடம் ஓட்டிவிட்டு அளவெடுப்பார்கள், 22.5 அங்குல லாரி டயரை 3 மணி நேரம் ஓட்டிவிட்டுத்தான் எடுப்பார்கள்.

அதிலும் 5 டிகிரி காற்று பட்டுக்கொண்டே இருக்கும்போது டயர் நம் ஊர்ச் சூட்டை எட்டுவதே இல்லை. இதற்கு மருந்து கிடையாது. செய்யக்கூடியது ஒன்றுதான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி நிறுத்தி ஓட்டாமல், ஓட்டத்தையும் ஓய்வையும் நீளமான துண்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். சட்டென்று நின்று ஆறும் டயர் மறுபடி முதலிலிருந்து சூடேற வேண்டும்.

நைட்ரஜன் அடிச்சா இந்தப் பிரச்சினை இல்லையாமே?

நைட்ரஜனும் வாயுதான், அதே அளவில் சுருங்கும். ஈரப்பதம் இல்லாததும் மெதுவாகக் கசிவதும் அதன் நன்மைகள். குளிரில் 13 பிஎஸ்ஐ இறங்குவதை அது தடுக்காது.

எங்க மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுட்டார். ஊர்ல நல்லாத்தான் ஓடுது. வடக்கே அதனால என்ன ஆகும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். குளிர்கால மைலேஜில், நாமே செய்துகொள்ளும் கேடுகளில் இதுதான் பெரியது. இன்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைப்பது தெர்மோஸ்டாட்டின் வேலை. பெரும்பாலான லாரி இன்ஜின்களில் அது 80 டிகிரியை ஒட்டித் திறக்கும். அதைக் கழற்றிவிட்டால் முதல் நிமிடத்திலிருந்தே தண்ணீர் ரேடியேட்டரில் சுற்றும். நம் ஊர் 38 டிகிரி வெயிலில் எப்படியோ ஓடிவிடும். 5 டிகிரியில் அந்த இன்ஜின் நாள் முழுக்க 50, 60 டிகிரியிலேயே தவிக்கும். சிலிண்டர் சுவர் சூடாகாததால் எரியும் டீசலின் சூடு சுவரிலேயே போகும், ஆயில் கெட்டியாகவே இருக்கும், எரியாத டீசல் ஆயிலில் இறங்கும். மைலேஜ் போவது இன்று, ரிங்கும் லைனரும் தேய்வது நாளை.

"சூடாகுது, அதான் கழட்டினோம்" என்றால் சூட்டுக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது: அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், தளர்ந்த பெல்ட், அழுத்தத்தைப் பிடித்து வைக்காத ரேடியேட்டர் மூடி. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் பைபாஸ் வழி மூடாமலேயே இருந்து, தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் திரும்பும். அப்போது ஏற்றத்தில் சூடு இன்னும் கூடும்.

சோதிப்பது சுலபம். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், ஃபேனுக்குக் கை எட்டாத இடத்தில். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் ஹோஸ் வெகுநேரம் குளிர்ந்தே இருந்து, திடீரென்று சூடாகும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. கழற்றிய பிறகு வெந்நீரில் தெர்மாமீட்டருடன் போட்டும் பார்க்கலாம். அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும்.

ரேடியேட்டர் முன்னால அட்டை, சாக்கு கட்டுறாங்களே, நாமளும் கட்டலாமா?

தெர்மோஸ்டாட் நன்றாக இருக்கும் வண்டிக்கு வட இந்தியச் சமவெளியில் அது தேவையில்லை. காஷ்மீரில் பூஜ்யத்துக்குக் கீழே போகும்போது பாதியை மறைப்பது உதவும். முழுக்க மூடாதீர்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இன்டர்கூலர் இருக்கிறது. அதற்குக் காற்று போகாவிட்டால் இன்ஜினுக்குள் சூடான காற்று போய் இழுவை குறையும், ஏற்றத்தில் டர்போவும் சூடேறும். நடுப்பகுதியை விட்டுவிட்டு இரு பக்கமும் மறையுங்கள், சூட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள், பகலில் வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

அட்டையைவிட ஃபேன் முக்கியம். சூட்டுக்கு ஏற்ப ஃபேன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஸ்கஸ் ஃபேன் கிளட்ச் கெட்டுப்போய் எப்போதும் முழு வேகத்தில் சுற்றினால் தேவையில்லாத குளிர்ச்சியும் கொடுக்கும், இன்ஜின் சக்தியையும் தின்னும். காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களுக்குப் பிறகும் ஃபேன் இரைச்சல் குறையவில்லை என்றால் அதைக் காட்டுங்கள்.

காலையில எத்தனை நிமிஷம் ஸ்டார்ட்ல விட்டுச் சூடு பண்ணணும்?

பிரேக்குக்கான காற்று ஏறும் வரை எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும். அந்த 3 முதல் 5 நிமிடமே இன்ஜினுக்கும் போதும். டீசல் இன்ஜின் ஐடிலில், அதாவது நின்ற இடத்தில் ஓடும்போது, மிகக் குறைவாகத்தான் எரிக்கிறது. இத்தனை பெரிய இரும்பையும் 20, 30 லிட்டர் தண்ணீரையும் ஆயிலையும் சூடாக்க அது பத்தாது. அரை மணி நேரம் விட்டாலும் முள் அரைகுறையாகத்தான் ஏறும். கியர் பாக்ஸ், கிரவுன் (பின் ஆக்சிலின் பல்சக்கரம்), டயர் மூன்றும் வண்டி நகர்ந்தால்தான் சூடேறும்.

கிளம்பி முதல் 10 கி.மீ. ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல், கியரைச் சீக்கிரம் மாற்றி, குறைந்த ஆர்பிஎம்மில் ஓட்டுங்கள். முள் 60-ஐத் தாண்டிய பிறகு வழக்கமான ஓட்டம்.

ராத்திரி குளிர் தாங்கல அண்ணே, ஹீட்டருக்காக இன்ஜினை ஓட விட்டுத் தூங்கினா எவ்வளவு டீசல் போகும்?

மணிக்குச் சுமார் 2 லிட்டர், பெரிய இன்ஜினில் 3 வரை. 8 மணி நேரத்தில் 16 லிட்டர் போனால் 60 கி.மீ. ஓட்டம் நின்ற இடத்திலேயே எரிந்துவிட்டது. மொத்தச் சராசரியில் இது நேராக மைலேஜ் இழப்பாகத்தான் தெரியும். ஆனால் ஓட்டுநர் குளிரில் தூங்காமல் விடிந்ததும் ஸ்டீயரிங் பிடிப்பதைவிட 16 லிட்டர் டீசல் போவது மேல் என்றே நாங்கள் சொல்வோம். முதலாளிகள் இரண்டு நல்ல கம்பளியும், கேபின் கதவு ரப்பருக்குப் புது பீடிங்கும் வாங்கித் தந்தால் அந்த டீசலில் பெரும்பகுதி மிச்சம்.

எந்தக் காரணத்துக்காகவும் மூடிய கேபினுக்குள் கரி அடுப்போ கேஸ் அடுப்போ வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, எழுந்திருக்கவே விடாது. இன்ஜினை ஓட விட்டுத் தூங்கும்போதும் புகைக்குழாயில் கசிவு இல்லை என்பது உறுதியாக இருக்க வேண்டும், ஜன்னல் விரலளவு திறந்திருக்க வேண்டும்.

கியர் ஆயில், இன்ஜின் ஆயில் மாத்தணுமா?

இன்ஜினில் 15டபிள்யூ-40 தர ஆயில் (டபிள்யூவுக்கு முன் உள்ள எண் குறையக் குறைய ஆயில் குளிரில் இளகலாக இருக்கும்) இருந்தால் மைனஸ் 15 வரைக்கும் கவலையில்லை. 20டபிள்யூ வகை என்றால் காஷ்மீர் ஓட்டத்துக்கு முன் மாற்றிவிடுவது நல்லது. யாரும் கவனிக்காத இடம் கிரவுன் ஹவுசிங். அங்கே இருக்கும் 85டபிள்யூ-140 மைனஸ் 12 வரை பாதுகாக்கும் என்பதுதான் அந்த 85டபிள்யூவின் பொருள். ஆனால் அதற்கு வெகு முன்பே, 5 டிகிரியிலேயே, நன்றாகக் கெட்டிப்பட்டுப் பல்சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். 80டபிள்யூ-90 மைனஸ் 26 வரை தாங்கும், குளிரில் இளகலாகவும் இருக்கும். மாற்றுவதற்கு முன் வண்டிக் கம்பெனியின் புத்தகத்தில் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். கோடையில் 35 டன்னோடு மலையேறும் ஆக்சிலுக்குக் கெட்டி ஆயில் கேட்டிருந்தால் அதை மீற வேண்டாம். அளவுக்கு மேல் ஊற்றினாலும் ஆயிலைக் கலக்கவே சக்தி வீணாகும். நிரப்பும் துளையின் கீழ் விளிம்புதான் அளவு.

டீசல் உறைஞ்சு போகுமா?

டீசலில் மெழுகு இருக்கிறது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் வெளுத்துக் கட்டுவதைப் போலக் குளிரில் அது பிரிந்து வரும், முதலில் அடைபடுவது ஃபில்டர். நம் நாட்டுத் தரப்படி நவம்பர் முதல் பிப்ரவரி வரை விற்கும் டீசல் 6 டிகிரி வரைக்குமாவது ஃபில்டரில் அடைக்காமல் போக வேண்டும். மற்ற மாதங்களின் டீசலுக்கு அந்த எல்லை 18 டிகிரி. அதனால் அக்டோபரில் நிரப்பிய டீசல் டேங்கில் மிச்சமிருக்க வடக்கே போகாதீர்கள். குறைந்த அளவில் கிளம்பி, குளிர்ப் பகுதியில் அங்கே விற்கும் டீசலை நிரப்புங்கள்.

லடாக்குக்காக இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. கிடைக்கும் இடத்தில் அதையே போடுங்கள். மெழுகு பாதி அடைத்த ஃபில்டரோடு ஓடினால் இழுவை குறையும், ஓட்டுநர் கியரைக் குறைத்து மிதிப்பார், மைலேஜ் போகும். புறப்படும் முன் புது ஃபில்டர் போட்டு, வாட்டர் செப்பரேட்டரில் தண்ணீர் வடித்துவிடுங்கள். ஒரு ஃபில்டர் கையிருப்பிலும் இருக்கட்டும்.

கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தா உறையாதுன்னு அங்க சொல்றாங்க?

பழைய வண்டிகளில் அப்படிச் செய்தார்கள். பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு ஏற்ற) வண்டியில் வேண்டவே வேண்டாம். பிஎஸ்6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 10 பங்கு) மேல் இருக்காது. மண்ணெண்ணெயில் அதைப் போலப் பல மடங்கு. புகை சுத்திகரிக்கும் பாகங்கள் பாழாகும். மண்ணெண்ணெய்க்கு வழவழப்புக் குறைவு, பம்ப்பும் இன்ஜெக்டரும் தேயும். லிட்டருக்குள்ள எரிசக்தியும் டீசலைவிடச் சில சதவீதம் குறைவு, ஆக மைலேஜ் இன்னும் இறங்கும். ரேஷன் மண்ணெண்ணெயை வண்டிக்கு ஊற்றுவது குற்றமும்கூட.

உறைஞ்சிட்டா டேங்குக்கு அடியில தீ மூட்டலாமா?

கூடாது. பிளாஸ்டிக் பைப், ஒயரிங், பிரேக் காற்றுக் குழாய் எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. ஃபில்டரின் மேலும் குழாயின் மேலும் துணி சுற்றி வெந்நீர் ஊற்றுங்கள், ஃபில்டரை மாற்றுங்கள், வெயில் ஏறும் வரை பொறுங்கள். சென்சார் கனெக்டர்களில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வடக்கே பங்க்குல டீசலே சரியில்லையோன்னு சந்தேகமா இருக்கு?

முதலில் மேலே உள்ள காரணங்களைப் பாருங்கள், பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும். அப்படியும் சந்தேகம் என்றால் பங்க்கில் அடர்த்தி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம், அது உங்கள் உரிமை. 15 டிகிரிக்கு மாற்றிய அளவு அவர்கள் பதிவில் இருப்பதோடு கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. அளவில் சந்தேகம் என்றால், முத்திரையிட்ட 5 லிட்டர் குவளையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம்.

குளிர்ல டீசல் சுருங்குமே, அப்ப ஒரு லிட்டருக்கு அதிக டீசல் வருது, நமக்கு லாபம்தானே?

சரியான கேள்வி. டீசல் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.08 சதவீதம் சுருங்கும், பம்ப் கன அளவைத்தான் அளக்கிறது. 15 டிகிரி குளிர்ந்த டீசலில் லிட்டருக்கு 1.2 சதவீதம் கூடுதல் சரக்கு. 300 லிட்டருக்கு மூன்றரை லிட்டர் வரும். ஆனால் நிலத்தடி டேங்க் வெளிக் குளிரை அப்படியே வாங்குவதில்லை, அதனால் நிஜ லாபம் இதைவிடக் குறைவு. இழப்பு 6 முதல் 10 சதவீதம் என்பது இந்தச் சிறு லாபத்தைக் கழித்த பிறகு வரும் கணக்கு.

மலை மேல காத்து மெலிசாச்சே, காஷ்மீர்ல மைலேஜ் கூடணும்ல?

காற்று எதிர்ப்பு மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. சுமார் 1,585 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஸ்ரீநகரில் பூஜ்ய டிகிரியிலும் காற்று நம் ஊர் வெயில் காற்றைவிட 4, 5 சதவீதம் மெலிசுதான். லே பக்கம் மைனஸ் 10-லும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மெலிசு. கனமான காற்றின் தண்டனை முழுக்கச் சமவெளிக்குத்தான்: ஆக்ரா, டெல்லி, பஞ்சாப்.

ஆனால் மலையில் அந்த லாபம் நிற்காது. 35 டன்னை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டும் 24, 25 லிட்டர் டீசல் வேண்டும். இறக்கத்தில் அதெல்லாம் பிரேக்கில் சூடாகிப் போகும். நீண்ட இறக்கத்தில் இன்ஜின் ஆறிவிடுவதால் தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி அடிவாரத்தில் மறுபடி குளிர்ந்த இன்ஜினாக நிற்கும். ராம்பன் பக்கம் மண் சரிந்து சாலை மூடினால் வரிசையில் நிற்கும் நேரம் தனிக் கணக்கு. அந்த நேரத்தில் இன்ஜினை அணையுங்கள்.

பிஎஸ்6 வண்டியில யூரியாவும் கூடுதலா போகுதே, அது எதனால?

புகையைச் சுத்திகரிக்கத் தனி டேங்கில் ஊற்றுவது யூரியா. டீசல் கூடுதலாக எரிந்தால் அதுவும் அதற்கேற்பப் போகும். யூரியாத் திரவம் மைனஸ் 11 டிகிரியில் உறையும். உறைந்தால் விரியும், அதனால் குளிர்ப் பகுதியில் அதன் டேங்கைக் கழுத்து வரை நிரப்பாதீர்கள். இன்ஜின் தண்ணீரின் சூட்டில் அது தானாக இளகும். தண்ணீர், உப்பு எதையும் கலக்காதீர்கள்.

இன்னொன்று: புகைக்குழாய் போதிய அளவு சூடாகாவிட்டால் கரி வடிகட்டி தானாகச் சுத்தமாகாது. வண்டியே கூடுதல் டீசலைச் செலுத்தி அதை எரிக்கும். இரவு முழுக்க ஐடிலில் ஓடும் வண்டிக்கு இது அடிக்கடி வரும். இப்படிக் கரியை எரிப்பதைக் காட்டும் ரீஜென் விளக்கு எரிந்தால் பாதியில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக ஓட்டி முடியுங்கள்.

மூடுபனியில மெதுவாத்தானே போறோம், அப்ப மிச்சம்தானே ஆகணும்?

சீராக 40-ல் போனால் மிச்சமாகும். மூடுபனியில் யாரும் சீராகப் போவதில்லை. நின்று, நகர்ந்து, மறுபடி நிற்கிறோம். 35 டன்னை நின்ற இடத்திலிருந்து 50 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோக ஒவ்வொரு முறையும் சுமார் கால் லிட்டர் டீசல். 20 முறை நின்றால் 5 லிட்டர். பனி விலகும் வரை தாபாவில் ஓரங்கட்டி இன்ஜினை அணைப்பது உயிருக்கும் நல்லது, டீசலுக்கும் நல்லது. நெடுஞ்சாலை ஓரத்தில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

காலி வண்டிக்கும் இதே கணக்கா? காருக்கு?

காலி லாரியில் டயர் சுமை குறைவு, ஆனால் முகப்பு அதேதான். இழுக்கும் சக்தியில் பாதிக்கு மேல் காற்றுக்கே போகும், அதனால் கனமான காற்று அங்கே இன்னும் அதிகம் உறைக்கும்.

காரின் கதை வேறு. அமெரிக்க எரிசக்தித் துறைக் கணக்கில், நகர ஓட்டத்தில் 25 டிகிரியோடு ஒப்பிட்டால் மைனஸ் 7-ல் பெட்ரோல் காரின் மைலேஜ் சுமார் 15 சதவீதம் குறையும், 5, 6 கி.மீ. மட்டும் ஓடும் குறும்பயணங்களில் 24 சதவீதம் வரை போகும். காரின் இழப்பில் பெரும்பங்கு சூடேறாத முதல் சில கி.மீ.-ல். நெடுந்தூர லாரிக்கு அந்தப் பகுதி சிறிது, காற்றும் டயரும் எடுப்பது கடைசி கி.மீ. வரை தொடரும்.

முதலாளி டீசல் வித்துட்டேன்னு சம்பளத்துல பிடிக்கிறார். நான் எப்படி நிரூபிக்கிறது?

குளிர்காலத்தில் மனசாட்சியை உறுத்தும் கேள்வி இதுதான். ஆகஸ்ட் மாதச் சராசரியை வைத்து ஜனவரி ஓட்டத்துக்குப் பிடித்தம் செய்வது நியாயமே இல்லை. இரு தரப்பும் சேர்ந்து செய்ய வேண்டியது இது. நாக்பூரில் ஒரு முறை டேங்கைக் கழுத்து வரை நிரப்பிக் கிலோமீட்டரைப் படம் எடுங்கள், வடக்கே இறக்கும் இடத்தில் மறுபடி கழுத்து வரை, திரும்பி நாக்பூரில் மீண்டும். அப்போது தெற்கு ஓட்டமும் குளிர் ஓட்டமும் தனித்தனியாகத் தெரியும். முழுப் பயணத்துக்கும் ஒரே சராசரி போட்டால் இரண்டும் கலந்து எதுவும் விளங்காது. இன்ஜின் நின்ற இடத்தில் ஓடிய நேரத்தை ஜிபிஎஸ் அறிக்கை காட்டும், மணிக்கு 2 லிட்டர் வைத்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

அதே வாரம், அதே பாதை, அதே எடையில் போன வேறு வண்டியோடு ஒப்பிடுவதுதான் நேர்மையான ஒப்பீடு. நாமக்கல்லிலிருந்து டெல்லி சுமார் 2,400 கி.மீ., அதில் குளிர் பிடிப்பது கடைசி 1,000 கி.மீ. என்று வையுங்கள். லிட்டருக்கு 4-லிருந்து 3.65-க்கு இறங்கினால் அந்தத் துண்டுக்கு 250-க்குப் பதில் 274 லிட்டர். போக மட்டும் 24 லிட்டர் கூடுதல், ஐடிலிங் சேர்க்காமல். இந்த அளவை வாடகை பேசும்போதே கணக்கில் வைக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு.

ஊருக்குத் திரும்பியும் மைலேஜ் பழையபடி வரல, என்ன பார்க்கணும்?

முதலில் டயர். 5 டிகிரியில் 120 வைத்த டயர் நம் ஊர் 35 டிகிரியில் 134-க்கு மேல் நிற்கும். இதனால் மைலேஜ் குறையாது. ஆனால் டயரின் நடுப்பகுதி தேயும், வெடிக்கும் அபாயமும் உண்டு. காலையில் ஆறிய நிலையில் அளந்து இறக்குங்கள். ஓடிச் சூடான டயரில் இறக்காதீர்கள்.

அடுத்து பிரேக். குளிரில் ஏர் டேங்கில் சேர்ந்த தண்ணீர் வால்வுகளில் துருவேற்றிப் பிரேக்கை முழுக்க விடாமல் பிடித்து வைக்கும். 20 கி.மீ. பிரேக் போடாமல் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு டிரம்முக்கும் அருகில் கையை நீட்டிப் பாருங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே பிடிக்கிறது. டேங்க் வடிகுழாய்களைத் திறந்து தண்ணீரை வெளியேற்றி, ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜைப் பாருங்கள். பிறகு மெழுகு பிடித்த டீசல் ஃபில்டரை மாற்றுங்கள். ஆயில் குச்சியில் மட்டம் கிளம்பியபோது இருந்ததைவிட ஏறியிருந்தால் டீசல் இறங்கியிருக்கிறது. ஆயிலை மாற்றிவிட்டு, தெர்மோஸ்டாட் கேள்விக்குச் சொன்ன ஹோஸ் சோதனையைச் செய்யுங்கள். ரேடியேட்டர் முன் கட்டிய அட்டை இன்னும் அங்கேயே இருந்தால் அதையும் எடுங்கள்.